மஞ்சள் தாளில் இரண்டு பெயர்கள்

அந்த மருத்துவமனையில் ஆறு வருடங்களாக எந்த மருந்தும் யாரையும் எதுவும் செய்யவில்லை. இதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இருந்தது. பெரிய டாக்டரின் அறையில், அவர் தலைக்கு நேர் மேலே ஒரு கேடயம் தொங்கியது: ‘பக்கவிளைவுப் புகார்கள் – பூஜ்ஜியம்’. கேடயத்துக்குக் கீழே ஓர் இரும்பு அலமாரி. மருந்தால் யாருக்காவது கெடுதல் நேர்ந்தால் எழுதி, மருந்துப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய மஞ்சள் நிறப் படிவங்கள் அதற்குள் இருந்தன. சாவி பெரிய டாக்டரின் சட்டைப் பையில். கேடயம் எப்படிக் கிடைத்தது என்று இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம், மருத்துவமனை வாசலுக்கு நேரே மூலிகைத் திலகத்தின் கடை. அந்தப் பட்டத்தை அவருக்கு வழங்கியது ஒரு மூலிகைப் பேரவை. பேரவையின் தலைவர் அவர், செயலாளர் அவர் மனைவி, உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும். அவர் கடைப் பலகையிலும் ஒரு பூஜ்ஜியம் இருந்தது: ‘பக்கவிளைவு 0%’. எப்படித் தெரியும் என்று கேட்டால், “இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து குறை சொன்னதில்லையே!” என்பார். அவர் மருந்தால் உடம்பு கெட்டவர்கள் திரும்பி அவரிடம் வருவதில்லை, நேரே எதிர்ப்பக்கம் போய்க் கட்டிலில் படுத்துவிடுகிறார்கள் என்பது அவர் யோசனையில் வந்ததே இல்லை.

இந்த இரண்டு பூஜ்ஜியங்களுக்கும் நடுவே, மருத்துவமனையின் மருந்து கவுண்டரில் பதினான்கு வருடங்களாக நின்றுகொண்டிருந்தவளுக்கு ‘கேள்வி அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. சீட்டை நீட்டியவர்கள் மாத்திரையோடு சும்மா போய்விட முடியாது.

“இது தவிர வேற என்ன வாயில போடுறீங்க?”

“வேற மருந்து ஒண்ணும் இல்லம்மா.”

“நான் மருந்தக் கேக்கல. கஷாயம், பொடி, லேகியம், பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்த உருண்டை, எதுவானாலும் சொல்லுங்க.”

“ஓ, அதுவா? காலையில ஒரு பொடி. அது மருந்தில்லம்மா, சும்மா இலைதான்.”

“எட்டிக்காய்கூடச் சும்மா காய்தான். நறுக்கித் தரவா?”

வரிசை சிரிக்கும். சிரிக்கிற வரிசை நீளும். நீண்ட வரிசையைப் பார்த்துப் பெரிய டாக்டர் ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். “ஏம்மா, கேட் வரைக்கும் ஆளு நிக்குது. நீ மருந்து குடுக்கிறியா, பேட்டி எடுக்கிறியா?”

“பேட்டி எடுத்துட்டு மருந்து குடுக்கிறேன் சார்.”

மாதம் ஒரு முறை கீரைப் பையோடு ஓர் அம்மாள் வருவாள். கீரைக்கு அடியிலிருந்து வெளியூர் டாக்டரின் சீட்டு ஒன்று வெளியே வரும். மூலிகைத் திலகத்தின் மனைவி. சீட்டு, திலகத்தின் பிரஷர் மாத்திரைக்கு. “ஒரு மாத்திரைகூட என் உடம்பில் இறங்கியதில்லை” என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறவரின் உடம்பில் அது எப்படியோ தினமும் காலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அவளையும் விடவில்லை.

“அவரு தன் கடைப் பாகு எதுவும் சாப்பிடுறாராம்மா?”

“ஐயோ, அவரா? தொடவே மாட்டாரு. எனக்கு இனிப்பு ஆகாதும்பாரு.”

அக்கா தலையை ஆட்டிவிட்டு மாத்திரைப் பட்டையைக் கொடுத்தாள். கவுண்டரில் கேட்டது கவுண்டரைத் தாண்டாது. தொழிலில் அவள் வைத்திருந்த ஒரே கர்வம் அது.

அவளுக்கு ஓர் அண்ணன். மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். விடிந்ததும் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று வாயைத் திறந்தால் சந்தையின் கடைசி வரிசையில் வெங்காயம் உரிப்பவர்களுக்கும் விலை தெரிந்துவிடும். அதனால் அவருக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயர். மின்சாரம் நின்றாலும் நிற்காத ஸ்பீக்கர் என்பது நண்பர்கள் சேர்த்துக்கொண்ட விளக்கம். சரக்கை வாங்குகிறவர்கள் கூடையின் மேல் அடுக்கைப் பார்ப்பார்கள். ஸ்பீக்கர் கூடையைக் கவிழ்த்து அடி அடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் விலை கூப்பிடுவார். இந்தப் பழக்கத்தால் விவசாயிகளில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு பெரிய டாக்டர் அவருக்கு ‘பிரஷர்’ என்று சொல்லி நீர் மாத்திரை எழுதினார். அது உடம்பில் தேங்கிய நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றும், பிரஷர் இறங்கும். இறங்கியது. கூடவே வாயும் வறண்டது. மற்றவர்களுக்கு வாய் வறண்டால் தண்ணீர் குடிப்பார்கள். ஏலக்காரருக்கு வறண்டால் பிழைப்பே வறண்டுவிடும் அல்லவா? சாலையைக் கடந்து திலகத்திடம் போனார். திலகம் ‘குரல்வளப் பாகு’ கொடுத்தார். அதிமதுர வேரைக் காய்ச்சி இறுக்கியது. தொண்டைக்கு இதமாக இருந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் அதிமதுரத்தை மாதக்கணக்கில் கரண்டி கரண்டியாகத் தின்றால் அது பிரஷரை ஏற்றும். பொட்டாசியம் என்று உடம்பில் ஓர் உப்பு உண்டு. கைகால் அசையவும் இதயம் ஒழுங்காக அடிக்கவும் அது வேண்டும். அதிமதுரம் அந்த உப்பை வெளியே தள்ளும். நீர் மாத்திரையும் அதே உப்பைத்தான் தள்ளும்.

பிரஷர் ஏறியிருப்பதைக் கண்ட பெரிய டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். மாத்திரை இரண்டானதும் வாய் இன்னும் வறண்டது. திலகம் பாகை இரண்டு கரண்டியாக்கினார். பாகு கூடியதும் பிரஷர் மறுபடி ஏறியது. இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, இரண்டு மேதைகளும் சாலையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அண்ணனைப் பந்தாடினார்கள்.

ஊரையே கேள்வி கேட்ட தங்கை என்ன செய்தாள்? அண்ணனின் மாத்திரையை மட்டும் அவள் கவுண்டரில் கொடுத்ததில்லை. வேலை முடிந்து போகும்போது கைப்பையில் போட்டுக்கொண்டு போய் அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு வருவாள். வரிசையும் இல்லை, கேள்வியும் இல்லை. சொந்த அண்ணன் வாயில் என்ன போடுகிறார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பது கூடைத் தக்காளிக்கு நடுவே அண்ணன், “ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்றார். அதோடு முழங்கால் இரண்டும் தளர்ந்து, பெட்டி மேலிருந்து கூடைகள் மேல் சரிந்தார். கூட்டம் முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. ஒரு வியாபாரி மட்டும், மூணாவது தரம் சொல்லாததால் சரக்கு இன்னும் தனக்கு விழவில்லை, நசுங்கியதற்குத் தான் பொறுப்பில்லை என்று சட்டம் பேசினார்.

வார்டில் படுக்க வைத்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் பாதாளத்தில் கிடந்தது. இதயம் நாலு அடிக்கு ஓர் அடி தவறியது. பாட்டிலிலிருந்து நரம்பில் அந்த உப்பு ஏறத் தொடங்கியது. பெரிய டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீர் மாத்திரையால கொஞ்சம் குறையும். ரெண்டு மாத்திரைக்கு இவ்வளவு குறையாதே!”

அண்ணனுக்குச் சீப்பு தேடி அவருடைய சந்தைப் பையைக் கவிழ்த்த அக்காவின் கையில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. பாட்டில். பாட்டிலில் திலகத்தின் சிரித்த முகம். படத்துக்கு மேலே ‘0%’.

“அண்ணே, இது என்ன?”

“தொண்டைக்கு, பாப்பா.”

“வேற எதுவும் சாப்பிடலேன்னு சொன்னியாமே டாக்டர்கிட்ட?”

“மருந்து சாப்பிடுறியான்னாரு. இல்லன்னேன். இது மருந்தா? தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுறதில்லையா, அது மாதிரி.”

அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி சொன்னாள்: “காலையில ரெண்டு கரண்டி, சாயங்காலம் ரெண்டு கரண்டி. நாந்தான் ஊத்திக் குடுப்பேன். ஏம்மா, இலைதழை என்ன பண்ணிடும்?”

அக்கா பாட்டிலை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். லேபிளை இரண்டு முறை படித்தாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்த தாளில் எறும்பு எழுத்திலாவது ‘பொட்டாசியம் குறையலாம்’ என்று இருக்கும். யாரும் படிப்பதில்லை, அது வேறு. பாட்டிலில் படிப்பதற்கே ஒன்றுமில்லை, முகம் மட்டும்தான்.

செய்தி பெரிய டாக்டருக்குப் போனது. ஆறு வருடத்தில் யாரும் பார்க்காத காட்சி ஒன்று அன்று நடந்தது. பெரிய டாக்டர் தம் கையாலேயே அலமாரியைத் திறந்து, மஞ்சள் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடி வந்தார். அக்கா இதற்கு முன் நாலு முறை எழுதிக் கொடுத்த நாலு தாள்கள் ‘பரிசீலனையில்’, அதாவது அதே அலமாரியில், இருந்தன. அவை நாலும் மாத்திரைகளைப் பற்றியவை.

“எழுதும்மா! அதிமதுரம்! கொட்டை எழுத்துல எழுது. ஞாயித்துக்கிழமை மேடையில அந்த ஆளு முகத்துக்கு நேரா இதப் படிக்கிறேன்.”

வரும் ஞாயிறு மருத்துவமனை மண்டபத்தில் விவாத மேடை. தலைப்பு: ‘பாதுகாப்பானது எது – இலையா, மாத்திரையா?’ ஒரு பக்கம் பெரிய டாக்டர், மறுபக்கம் மூலிகைத் திலகம், நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி. மூவரின் படமும் போட்ட தட்டி கேட்டில் கட்டியாகிவிட்டது. யார் படம் பெரியது என்பதில் ஒரு சமரசக் கூட்டமும் நடந்து முடிந்திருந்தது.

அக்கா எழுதினாள். ‘சந்தேகத்துக்குரிய மருந்து’ என்ற கட்டத்தில் அதிமதுரப் பாகு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு, நீர் மாத்திரையின் பெயரையும் எழுதினாள்.

பெரிய டாக்டரின் முகம் மாறியது. “இது எதுக்கு?”

“ரெண்டும் சேந்துதான் சார் விழுந்தாரு. ஒண்ணு மட்டும் இருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது. பாகால ஏறின பிரஷருக்கு நீங்க மாத்திரையக் கூட்டினீங்க. மாத்திரையால வறண்ட வாய்க்கு அவரு பாகக் கூட்டினாரு.”

“ஒரு படிவத்துக்கு ஒரு பேரு. அதான் இங்க வழக்கம். கட்டத்தப் பாரு, ரெண்டு பேருக்கு இடமே இல்ல.”

“சின்னதா எழுதியிருக்கேன் சார்.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் கையெழுத்து இல்லாம அது போகாது. நல்லா யோசி. கவுண்டர் வேணுமா, கிடங்கு வேணுமான்னு யோசி.” கிடங்கு தரைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் இல்லை. பேசுவதற்கு அங்கே அட்டைப் பெட்டிகள்தான் உண்டு.

மறுநாள் பழக்கூடையோடு திலகம் வந்தார். அண்ணனின் நெற்றியில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரத்தப் பரிசோதனையைவிட அது வேகமாக முடிந்தது.

“ரசாயனம் நரம்பு நரம்பா ஏறியிருக்கு. சகோதரி, நீங்க நேர்மையானவங்கன்னு ஊரே சொல்லுது. அந்தத் தாள்ல மாத்திரை பேர மட்டும் விட்டு வெச்சிட்டு என்கிட்ட குடுங்க. ஞாயித்துக்கிழமை மேடையில நானே வாசிக்கிறேன். இயற்கை ஒருநாளும் கெடுதல் செய்யாது.”

“அரளி விதையும் இயற்கைதாங்க ஐயா. அதுக்கு ஏன் நீங்க பாகு காய்ச்சல?”

திலகம் இருமினார்.

“நேத்து அவரு வந்து ஒரு பேரு போதும்னாரு, இன்னைக்கு நீங்க வந்து ஒரு பேரு போதும்ங்கிறீங்க. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமா?”

அவர் போனதும் அண்ணன் பழக்கூடையைக் கவிழ்க்கச் சொன்னார். அடி அடுக்கில் நாலு அழுகல். “நெனச்சேன்” என்றார். பிறகு, “பாப்பா, எதுக்கு வம்பு? நான்தான் பொழச்சிட்டேனே. பாக விட்டுட்டேன், பொட்டாசியம் ஏறுது. உன் வேலை போனா?”

“அண்ணே, எதிர்க்கடையில இந்தப் பாகு யாரு வாங்குறாங்க? தொண்டைய வெச்சுப் பொழைக்கிறவங்க. உன்ன மாதிரி. பஸ் கண்டக்டர் ஒருத்தரு இருக்காரு, போன மாசம் கால் பிடிச்சு இழுக்குதுன்னாரு. கால்வலின்னு தைலம் குடுத்து அனுப்பிட்டேன். அவரும் நீர் மாத்திரைதான். நேத்து ராத்திரி ஃபோன் பண்ணிக் கேட்டேன். பாகு ஒரு நாளைக்கு மூணு கரண்டியாம். நிறுத்தச் சொல்லி, வந்து ரத்தம் குடுக்கச் சொல்லியிருக்கேன். அவரு எனக்குத் தெரிஞ்சவரு, கேட்டேன். தெரியாதவங்க எத்தன பேரு? அவரு வேலை பாக்குறது ஓடுற பஸ் படியில. நீ தக்காளி மேல விழுந்தே.”

அண்ணன் கையை நீட்டினார். “அந்தத் தாளக் குடு” என்றார்.

படுத்தபடி மேல் பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, வாழ்நாள் பழக்கத்தில், அதைக் கவிழ்த்தார்.

“பாப்பா, இந்த அடி அடுக்க நீ பாத்ததே இல்லையா?”

பின்பக்கம், எறும்பு எழுத்தில்: ‘நோயாளியோ உறவினரோ இப்படிவத்தை நேரடியாக அஞ்சலில் அனுப்பலாம். நிறுவனத் தலைவரின் கையொப்பம் கட்டாயமல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சந்தேகித்தால் அனைத்தையும் எழுதவும். மூலிகைத் தயாரிப்புகளும் இதில் அடங்கும். தபால்தலை தேவையில்லை.’

மாத்திரைப் பெட்டியில் மடித்த தாளை ஜனங்கள் படிப்பதில்லை என்று பதினான்கு வருடம் திட்டியவள், நாலு முறை கையில் பிடித்த தாளை ஒரு முறைகூடத் திருப்பியதில்லை. காது மடல் சூடானது. அண்ணி இதைக் கவனித்துவிட்டு, “விடும்மா, நான் பாட்டில்ல இருந்த மூஞ்சிய நம்பினேன், நீ தாளோட முன்பக்கத்த நம்பின” என்றாள்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்தது. அண்ணன் சக்கர நாற்காலியில் முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உப்பு ஏறி, கால்கள் பழைய நிலைக்கு வந்துகொண்டிருந்தன. இருந்தாலும் நடக்க வேண்டாம் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அக்காவின் பக்கத்து நாற்காலியில், அலுவலகம் அனுப்பி, கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்து, அவள் எடுத்து வந்த ஒரு கட்டு மஞ்சள் தாள், நூல்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது.

பெரிய டாக்டர் பேசினார். விஞ்ஞானம், ஆராய்ச்சி, நுண்ணோக்கி ஆகியவை வந்து போயின. “எங்கள் மாத்திரைகளின் பாதுகாப்புக்கு இந்தக் கேடயமே சாட்சி!” என்று கேடயத்தைத் தூக்கிக் காட்டினார். அது சுவரில் இருந்த இடம் அவர் அறையில் அன்று வெளேரென்று கிடந்திருக்கும்.

திலகம் பேசினார். காடு, மலை, முனிவர்கள், அருவி ஆகியவை வந்து போயின. “எனக்கு வயது அறுபத்து மூன்று. இந்த உடம்பில் ஒரே ஒரு மாத்திரை இறங்கியதுண்டா?” என்று மார்பில் தட்டிக்கொண்டார். தட்டிய வேகத்தில் அவர் கண் தற்செயலாக அக்காவின் மேல் விழுந்தது. தட்டிய கை அப்படியே நின்றது. மூன்றாம் வரிசையில் அவர் மனைவி கீரைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அக்கா எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைய விவாதம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் கேட்டது கவுண்டரோடு.

திலகம் தண்ணீர் குடித்துவிட்டு அருவியைத் தொடர்ந்தார்.

கடைசியில் இருவரும் ஒரே நோயாளிக்கு வந்து சேர்ந்தார்கள். “முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்த ஏலக்காரரை வீழ்த்தியது இலை!” என்றார் டாக்டர். “இல்லை, மாத்திரை!” என்றார் திலகம். “இலை!” “மாத்திரை!” நடுவர் காதுக் கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். சட்டத்தில் அவருக்கு மிச்சமிருந்த ஞாபகம் அது ஒன்றுதான் போலிருக்கிறது; ஆனால் நல்ல ஞாபகம்.

ஒலிவாங்கியை நீட்டினார்கள். அண்ணன் வேண்டாம் என்று தள்ளினார். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து எழுந்து நின்றார். அண்ணி, “ஐயோ” என்றாள், அவர் கேட்கவில்லை.

“வாங்க வாங்க வாங்க!”

மண்டபத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. வாசலில் தூங்கிய காவலாளி எழுந்து சலாம் வைத்தார்.

“ஒரு மூட்டை பழி வந்திருக்கு! புது சரக்கு! போன செவ்வாக்கிழமை தக்காளிக்கூடை மேல விழுந்து எடுத்தது! டாக்டரு இது எதிர்க்கடை சரக்குங்கிறாரு. கடைக்காரரு இது ஆஸ்பத்திரி சரக்குங்கிறாரு. சொந்தக்காரன் இல்லாத சரக்கச் சந்தையில என்ன பண்ணுவோம்? ஏலம் விடுவோம்! காசு வேணாம், கையத் தூக்கினாப் போதும். இதுல ஒரு பங்கு யாருக்கு வேணும்? ஏமாத்து இல்ல, கவுத்துக் காட்டுறேன் பாத்துக்குங்க. மேல் அடுக்குல ரெண்டு மாத்திரை, நாலு கரண்டி பாகு. அடி அடுக்குல, யாருமே கேக்காத ஒரு கேள்வி. யாருக்கு? யாருக்கு? கேட்டுச் சொல்லுங்க!”

 பெரிய டாக்டர் கூரையில் இருந்த மின்விசிறியை ஆராய்ந்தார். திலகம் தம் மாலையில் இருந்த பூக்களை, அவை என்ன மூலிகை என்பதுபோல, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஒரு தரம்!”

ஒரு கையும் எழவில்லை.

“ரெண்டு தரம்!”

அக்கா கையைத் தூக்கினாள்.

“ஒரு பங்கு எனக்கு. ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டேன். எங்கண்ணன்கிட்ட கேக்கல. பையில போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தேன். எழுதிக்குங்க.”

பெரிய டாக்டர் மேடையிலிருந்தே, “ஏம்மா, உக்காரு!” என்றார்.

“உக்கார மாட்டேன் சார். எது பாதுகாப்பானதுன்னு ரெண்டு மணி நேரமா கேக்குறீங்க. யாருக்கு, எவ்வளவு, எதோட சேத்து? இந்தக் கேள்வியக் கேக்காம சொல்ற பதிலு எதுவா இருந்தாலும் பொய். எனக்கு இலையும் எதிரி இல்ல, மாத்திரையும் சொந்தம் இல்ல. ரெண்டு பேரும் பூஜ்ஜியத்தத் தூக்கிக் காட்டுறீங்களே, அது எப்படி வந்துது? யாருக்கும் ஒண்ணும் ஆகாததால வரல. யாரும் எழுதாததால வந்துது.”

அண்ணியின் கை மேலே போயிற்று. “எனக்கும் ஒரு பங்கு. கரண்டி பிடிச்சது நான்.”

பின் வரிசையில் காக்கிச் சட்டை ஒன்று எழுந்தது. பஸ் கண்டக்டர். “நானும்தாங்க. மாத்திரை சாப்பிடுறத அந்தக் கடையில சொல்லல, பாகு குடிக்கிறத இங்க சொல்லல. எங்க சொன்னாலும் திட்டுவாங்கன்னு பயம்.” இன்னொரு கை. யாரோ ஒருவர், தூக்க மாத்திரையோடு தூக்கத்துக்கான வேரையும் மென்றது தான்தான் என்றார். மேடைக்குக் கீழே கைகள் முளைத்துக்கொண்டே வந்தன. மூன்றாம் வரிசையில் கீரைப் பைக்கு மேலே ஒரு கை பாதி எழுந்து, மேடையைப் பார்த்து, நின்று, பிறகு முழுசாகவே எழுந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மேடை மேல் டாக்டர், திலகம் இருவரின் கைகள் மட்டும் எழவில்லை. நடுவர் சற்று யோசித்துவிட்டுத் தம்முடையதைத் தூக்கினார். எந்தக் கட்சிக்குத் தீர்ப்பு என்று அவருக்குக் குழப்பமாக இருந்திருக்கலாம்.

“மூணாவது தரம் சொல்லுங்கண்ணே!” என்று கத்தினார் கண்டக்டர்.

“இங்க இல்ல” என்றார் அண்ணன். “சரக்கு போய்ச் சேர்ற எடத்துல.”

அக்கா கட்டைப் பிரித்தாள். “எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. வாயில போடுறது எல்லாத்தையும் எழுதுங்க, இலை மாத்திரைன்னு பாக்காதீங்க. பின்பக்கத்த முதல்ல படிங்க.”

வாசலருகே பெரிய டாக்டர் அவளை மறித்தார். கேடயம் இன்னும் கையில் இருந்தது. கீழே வைக்க அவருக்கு இடம் கிடைக்கவில்லை. “நாளையிலேந்து நீ கிடங்குல.”

“சரி சார். இந்தத் தாளு அங்கதான் பண்டல் பண்டலா இருக்கு.”

“என் கையெழுத்து இல்லாம ஒண்ணும் போகாது.”

அவள் ஒரு தாளைக் கவிழ்த்து அவரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். மறுபடி படித்தார். “இத யாரு அச்சடிச்சது?” என்று கேட்டார். பதில் சொல்ல அங்கே யாரும் நிற்கவில்லை.

மருத்துவமனை வாசலுக்கும் தெருமுனைத் தபால் பெட்டிக்கும் நடுவே முப்பது அடி. சக்கர நாற்காலியை அண்ணி தள்ள, பின்னால் ஐம்பது அறுபது பேர் நடந்தார்கள். பாதி வழியில் அண்ணன் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். எழுந்தார். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் பதினோரு அடி நடந்தார். எதிர்க்கடைப் பலகையில் அந்தப் பூஜ்ஜியம் வெயிலில் பளபளத்தது.

மஞ்சள் தாளை இன்னொரு முறை பிரித்துப் பார்த்தார். கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு பெயர்கள், நடுவில் கூட்டல் குறி. ‘பிற விவரங்கள்’ என்ற இடத்தில் தங்கையின் எழுத்து: ‘மருந்து கொடுத்தவர் கேட்கவில்லை.’ கீழே நோயாளி என்ற இடத்தில் அண்ணனின் சொந்தக் கையெழுத்து.

“அடிச்சிடலாமா இந்தக் கடைசி வரிய? உன் மேலயே நீ எழுதிக்கணுமா, பாப்பா?”

“போடுண்ணே.”

பெட்டியின் வாயில் தாளை நுழைத்தார். உள்ளே விழும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தார். பிறகு மார்பு நிறைய மூச்சு இழுத்தார். முன்னே நின்றவர்கள், அனுபவம் உள்ளவர்கள், காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“மூணு தரம்!”